டிஸ்கில் 1 டிபி காலி, ஆனால் ‘பெயர் நீளம்’ என்று காப்பி நிற்கிறது: விண்டோஸும் தமிழ்க் கோப்புப் பெயர்களும்

ஏடும் எழுத்தாணியும் (கேள்வி)

ஒரு சிறு நூலகத்தின் ஸ்கேன் செய்த இதழ்கள், புத்தகங்கள். சுமார் 600 ஜிபி. விண்டோஸ் 11 ஓடும் டெஸ்க்டாப்பின் டி டிரைவிலிருந்து 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்ற வேண்டும். பிறகு அது லினக்ஸ் உள்ள நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்பு) பெட்டிக்குப் போகும். ஃபோல்டர், கோப்பு எல்லாவற்றுக்கும் பெயர் தமிழில்தான். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் வரிசையாக முட்டுக்கட்டை:

டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும், இலக்கு ஃபோல்டருக்குப் பெயர் நீளமாகிவிடும் என்று சில கோப்புகளில் நிற்கிறது. அதே பெயர் மூல டிரைவில் சும்மா உட்கார்ந்திருக்கிறதே, அது எப்படி?

‘நூல்’ என்பதை ஆங்கிலத்தில் என், யு, எல் என்று மூன்றே எழுத்தில் ஃபோல்டர் பெயராக வைக்க முடியவில்லை. ‘சாதனப் பெயர் செல்லாது’ என்கிறது. என்ன சாதனம்?

நாஸிலிருந்து என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) டிஸ்கில் வந்த ‘கி.பி.’ என்ற ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிகிறது. திறந்தால் இருப்பிடம் இல்லை. அழித்தால் அப்படி ஒன்று கிடையாது.

ஒரே ஃபோல்டரில் ‘கோவில்’ என்று இரண்டு கோப்பு. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். இது எப்படி சாத்தியம்?

பழைய ஸ்கேனர் மென்பொருள் தமிழ்ப் பெயரை எல்லாம் வெறும் கேள்விக்குறியாகக் காட்டுகிறது, திறக்கவும் மாட்டேன் என்கிறது.

இதில் எது விண்டோஸின் கோணல், எது நம் பக்கத்துப் பிழை? பெயரையெல்லாம் ஆங்கிலத்துக்கு மாற்று என்ற யோசனை வேண்டாம். காப்பி முடிய வேண்டும்.

---

ரோபோகாப்பி ரசிகன்

முதல் கேள்விக்கு மட்டும் நான். மற்றதை அந்தந்த ஆட்கள் வந்து சொல்வார்கள்.

என்டிஎஃப்எஸ்ஸுக்கு நீளப் பிரச்சினையே இல்லை. ஒரு தனிப் பெயர் 255 அலகு வரை போகலாம், முழுப் பாதை (டிரைவ், ஃபோல்டர்கள், பெயர் எல்லாம் சேர்ந்தது) 32,767 வரை. தடை அதற்கு மேலே, மென்பொருள்கள் விண்டோஸிடம் பேசும் வின்32 அடுக்கில். அங்கே முழுப் பாதைக்கு 260 என்று ஒரு வரம்பு: டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்வு ஆக 3, அதன் பிறகு 256, கடைசியில் முடிவைக் காட்டும் சுழியம் 1. நம் கைக்குக் கிடைப்பது 259. ஃபோல்டர் உருவாக்க இதிலும் 12 குறையும். உள்ளே 8+1+3 வடிவில் ஒரு டாஸ் காலத்துக் கோப்புப் பெயருக்காவது இடம் விட வேண்டுமாம்.

தமிழுக்கு இது சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் விண்டோஸ் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. ‘தமிழ்நாடு’ நமக்கு ஐந்து எழுத்து. அதற்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி, ந, கால், ட, உகரக் குறி என்று ஒன்பது. ‘மின்னாக்கம் செய்யப்பட்ட இதழ்கள்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்தால் நம் கணக்கில் இடைவெளி இரண்டையும் சேர்த்து 20, அதன் கணக்கில் 31. இப்படி ஆறேழு ஃபோல்டர் ஆழம் போனாலே 200ஐத் தாண்டிவிடும்.

மூலத்தில் இருப்பது இலக்கில் ஏன் முடியவில்லை என்றால், வரம்பு முழுப் பாதைக்கு. ‘டி:\இதழ்கள்’ என்று இருந்ததை ‘ஈ:\நூலகக் காப்பு\டெஸ்க்டாப்பிலிருந்து\இதழ்கள்’ என்று வைத்தால் உள்ளே ஒவ்வொரு கோப்புக்கும் அந்தக் கூடுதல் நீளம் ஏறும். அலுவலகங்களில் இசட் டிரைவாக மேப் செய்த பகிர்வில் நடப்பதும் இதுதான். ஊழியருக்கு ‘இசட்:\’ என்று மூன்றில் தொடங்கும் பாதை, சர்வரில் உட்காருபவருக்கு 60, 70 அலகு முன்னொட்டோடு தெரியும். ஊழியர் சேமித்ததை அட்மினால் திறக்க முடியாது. எக்செல்லின் கதை இன்னும் மோசம்: பாதையும் பெயரும் சேர்ந்து 218ஐத் தாண்டினால் திறக்காது. எக்ஸ்ப்ளோரரில் ஒழுங்காகத் தெரியும் கோப்பு எக்செல்லில் மட்டும் திறக்க மறுத்தால் முதலில் எண்ண வேண்டியது நீளத்தை.

2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து இந்த வரம்பைத் தளர்த்த ஒரு சுவிட்ச் உண்டு. ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் → கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் → அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் → சிஸ்டம் → ஃபைல்சிஸ்டம் → ‘எனேபிள் வின்32 லாங் பாத்ஸ்’. ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் கிடையாது; ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் → சிஸ்டம் → கரன்ட் கன்ட்ரோல் செட் → கன்ட்ரோல் → ஃபைல்சிஸ்டம் போய் ‘லாங்பாத்ஸ்எனேபிள்ட்’ மதிப்பை 1 ஆக்க வேண்டும். இணையம் முழுக்க இதைத்தான் மருந்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இது பாதி மருந்துகூட இல்லை. எனக்கு நீளப் பாதை புரியும் என்று தன் மேனிஃபெஸ்டில் (மென்பொருளோடு வரும் விவரக் குறிப்பு) அறிவித்த மென்பொருளுக்கு மட்டுமே இது பலிக்கும். நீங்கள் இழுத்துப் போடும் எக்ஸ்ப்ளோரர் அந்தப் பட்டியலில் இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு எக்ஸ்ப்ளோரரில் சோதித்துப் பார்த்து ஏமாறாதவர் குறைவு.

ஆகவே எக்ஸ்ப்ளோரரை விடுங்கள். விண்டோஸிலேயே இருக்கிற ரோபோகாப்பி நீளப் பாதையைத் தானாகவே கையாளும்:

ரோபோகாப்பி "டி:\இதழ்கள்" "ஈ:\இதழ்கள்" /ஈ /டிகாப்பி:டிஏடி /ஆர்:1 /டபிள்யூ:2 /எக்ஸ்ஜே /யுனிலாக்:"ஈ:\பதிவு.டிஎக்ஸ்டி"

(கட்டளையில் உள்ளவற்றை உரிய ஆங்கில எழுத்தில் தட்டவும்.) ‘/ஈ’ காலி ஃபோல்டரையும் சேர்த்து எடுக்கும். ‘/டிகாப்பி:டிஏடி’ ஃபோல்டரின் பழைய தேதியைக் காக்கும். இல்லாவிட்டால் எல்லா ஃபோல்டரும் இன்று பிறந்ததாக ஆகிவிடும், ஆவணக் காப்பில் அது பெரிய இழப்பு. ‘/எக்ஸ்ஜே’ ஜங்ஷன்களை (வேறு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்புகள்) தவிர்க்கும். பயனர் ஃபோல்டரைக் காப்பெடுக்கும்போது இதை விட்டால், ‘அப்ளிகேஷன் டேட்டா’ என்ற ஜங்ஷன் தன் தாய் ஃபோல்டரையே காட்டுவதால் உள்ளே உள்ளே என்று போய்க்கொண்டே இருக்கும். பதிவுக்கு ‘/யுனிலாக்’ கட்டாயம். சாதாரண ‘/லாக்’ போட்டால் தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாகப் பதிவாகும்.

‘/எம்ஐஆர்’ போடவே வேண்டாம். மூலத்தில் இல்லாததை இலக்கில் அழித்துவிடும் அது. மூலத்தையும் இலக்கையும் மாற்றித் தட்டினால் 600 ஜிபியும் போச்சு.

---

கட்டளை வரி கருப்பன்

நூல் கதை எனக்குப் பிடித்தது. என், யு, எல் மட்டுமல்ல; சிஓஎன், பிஆர்என், ஏயுஎக்ஸ், சிஓஎம் 1 முதல் 9, எல்பிடி 1 முதல் 9 எதையும் பெயராக வைக்க முடியாது. டாஸுக்கு முந்தைய இயங்குதளமான சிபி/எம் காலத்துச் சாதனப் பெயர்கள். 1981இல் வந்த முதல் எம்எஸ்-டாஸில் ஃபோல்டர் என்பதே கிடையாது, டிஸ்குக்கு ஒரே பட்டியல். அதனால் பிஆர்என் என்று எழுதினால் பிரின்டர், சிஓஎன் என்றால் திரையும் கீபோர்டும் என்று பொதுவாக வைத்தார்கள். 1983இல் டாஸ் 2.0இல் ஃபோல்டர் வந்தது. பழைய மென்பொருள் உடையக்கூடாது என்று அந்தப் பெயர்கள் எல்லா ஃபோல்டருக்குள்ளும் இருப்பதாகவே விட்டுவிட்டார்கள். சில மென்பொருள் கேட்காமலே நீட்சி ஒட்டும் என்பதால் ‘ஏயுஎக்ஸ்.டிஎக்ஸ்டி’யும் சாதனம்தான். விண்டோஸ் 10 வரை இதே நிலை.

மற்றவை தடுத்து நிறுத்தும், அதோடு சரி. ஆனால் என்யுஎல் என்பது குப்பைக்குழி. கட்டளை வரியில் ஒரு கோப்பை அந்தப் பெயருக்குக் காப்பி செய்தால் ‘1 கோப்பு காப்பி ஆனது’ என்று சிரித்த முகத்தோடு பதில் வரும், கோப்பு எங்கும் இருக்காது. தமிழ்ப் பெயர்களைத் தானாக ஆங்கில எழுத்துக்கு மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்விப்புல எழுத்துப்பெயர்ப்பில் நெடில் ஊகாரத்துக்கு மேல்கோடு போட்ட யு வரும். மேல்கோட்டை நீக்கிவிட்டால் ‘நூல்’ நேராக அந்தக் குழியில் விழும்.

‘கி.பி.’ ஃபோல்டருக்கு வருகிறேன். பெயரின் கடைசியில் வரும் புள்ளியையும் இடைவெளியையும் வின்32 அடுக்கு சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடும். லினக்ஸுக்குப் புள்ளியும் ஒரு எழுத்து. நாஸ் அந்த டிஸ்கில் ‘கி.பி.’ என்று எழுதியது. விண்டோஸ் பட்டியல் போடும்போது டிஸ்கில் உள்ளபடி காட்டுகிறது, நீங்கள் இரட்டைக் க்ளிக் செய்ததும் ‘கி.பி’யைத் தேடுகிறது. அது இல்லை. தமிழில் பெயர்ச் சுருக்கம் புள்ளியில் முடிவதே வழக்கம், ஆகவே கி.மு., ரூ., எம்.ஏ. எல்லாமே இதில் மாட்டும்.

வழி: பாதைக்கு முன்னால் \\?\ சேர்த்தால் வின்32 எதையும் வெட்டாமல், திருத்தாமல் அப்படியே கீழே அனுப்பும். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில்

ரென் "\\?\டி:\இதழ்கள்\கி.பி." "கி.பி"

முழுப் பாதை வேண்டும். சார்புப் பாதை இதில் எடுபடாது. அழிக்க வேண்டுமென்றால் ஆர்டி /எஸ், அதே முன்னொட்டோடு. சாதனப் பெயரில் மாட்டிய கோப்புக்கும் இதே வைத்தியம். பகிர்வு சர்வரில் இருந்தால் முன்னொட்டு \\?\யுஎன்சி\ என்று தொடங்கி, அதன் பிறகு சர்வர் பெயர், பகிர்வுப் பெயர்.

முக்காற்புள்ளி பற்றியும் ஒன்று. எக்ஸ்ப்ளோரரில் முக்காற்புள்ளியைத் தட்டவே விடாது. ஆனால் ஏதாவது ஒரு ஸ்கிரிப்ட் ‘அத்தியாயம் 3: பயிர்’ என்று என்டிஎஃப்எஸ்ஸில் எழுதினால் பிழை வராது! ‘அத்தியாயம் 3’ என்று 0 பைட்டில் ஒரு கோப்பு உண்டாகும், உள்ளடக்கம் முழுவதும் ‘பயிர்’ என்ற மறைவான துணை ஓடைக்குள் போய்விடும். ‘டிர் /ஆர்’ போட்டால்தான் கண்ணில் படும். எக்ஸ்ஃபேட் (வெளி டிஸ்குகளில் வரும் எளிய கோப்பு முறை) டிஸ்குக்குக் காப்பி செய்தால் அந்த ஓடை அழிந்துபோகும். உங்கள் குவியலில் 0 பைட் கோப்பு இருந்தால் தூக்கி எறியுமுன் இதைப் பாருங்கள்.

---

குறிமுறை

இரட்டைக் கோவிலுக்கு விண்டோஸ் மேல் பாதிப் பழிதான் போடலாம்.

யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக 0பிசிபி. அல்லது ஏகாரக் கொம்பு 0பிசி7, அடுத்துக் கால் 0பிபிஇ என்று இரண்டாக. திரையில் இரண்டும் ‘கோ’. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. இவை இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது. என்டிஎஃப்எஸ் அதைக் கேட்பதில்லை, கொடுத்த குறிகளை அப்படியே வைத்துக்கொள்ளும். லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4-உம் சாதாரணமாக அப்படியே. மேக்கின் பழைய கோப்பு முறையான ஹெச்எஃப்எஸ்+ மட்டும் எல்லாவற்றையும் பிரித்து இரண்டாக்கி வைக்கும். எனவே ஒரே கோப்பு ஒருமுறை விண்டோஸ் வழியாகவும் ஒருமுறை பழைய மேக் வழியாகவும் வந்திருந்தால் உங்களுக்கு இரட்டைப் பிள்ளை. தேடல் பெட்டியில் ‘கோவில்’ என்று தட்டினால் ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகலாம். பிரிந்த வடிவம் நீளத்திலும் ஒவ்வொன்று கூடுதலாகத் தின்னும்.

லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவியில் ‘--என்எஃப்சி’ கொடுத்து ஃபோல்டர் முழுக்க ஓட்டினால் எல்லாம் ஒற்றை வடிவுக்கு வரும். முதலில் சும்மா பட்டியல்தான் காட்டும். ‘--நோடெஸ்ட்’ சேர்த்தால் மட்டுமே மாற்றும். விண்டோஸில் பவர்ஷெல்லில் ஒவ்வொரு பெயரின் மீதும் நார்மலைஸ் ஓட்டி, மாறியிருந்தால் மட்டும் பெயர் மாற்றச் சொல்லலாம். இரட்டை இருக்கும் இடத்தில் மோதும். அங்கே அளவைப் பார்த்து ஒன்றை முதலில் வேறு பெயருக்குத் தள்ளுங்கள்.

ஆனால் எந்தக் கருவியும் பிடிக்காதவை உண்டு. ‘கௌ’ என்பதைக் கொம்பும் ளகரமுமாக ‘கெள’ என்று தட்டுவது. அகரத்துக்குப் பதில் தமிழ் எட்டு ‘௮’. ஸ்ரீயை ஸகர வடிவில் ஒன்று, 2005இல் யூனிகோடுக்கு வந்த ஶகர வடிவில் ஒன்று. பல எழுத்துருக்களில் ஸ்ரீ இரண்டும் ஒரே உருவம். இவை யூனிகோடு பார்வையில் வேறு வேறு சொல். கையால்தான் களைய வேண்டும்.

கேள்விக்குறி விஷயத்தில் விண்டோஸ் தப்ப முடியாது. யூனிகோடு அறியாத பழைய மென்பொருளுக்காக ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கோட்பேஜ் (எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை) வைத்தார்கள். தமிழுக்கு அப்படி ஒன்று எப்போதுமே கிடையாது. விண்டோஸ் 2000இல் தமிழ் வந்தபோதே யூனிகோடு மட்டும்தான். ஆகவே பழைய மென்பொருள் பெயரைக் கேட்டால், மாற்ற வழியில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைக் கொடுக்கிறது. கேள்விக்குறி கோப்புப் பெயரில் தடைசெய்த எழுத்து. அதனால் மென்பொருள் தனக்குக் கொடுத்த பெயரையே திருப்பிச் சொன்னால் அப்படிக் கோப்பு இல்லை என்று பதில்.

கன்ட்ரோல் பேனல் → ரீஜன் → அட்மினிஸ்ட்ரேட்டிவ் → சேஞ்ச் சிஸ்டம் லொகேல் போனால் யுடிஎஃப்-8ஐ (யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை) பயன்படுத்து என்று பீட்டா முத்திரையோடு ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் பல பழைய மென்பொருள் தமிழ்ப் பெயரைத் திறந்துவிடும். ஆனால் அதே கணினியில் டிஸ்கி, தாப் மாதிரிப் பழைய குறிமுறையில் அச்சுக்கோத்த ஆவணங்கள், யூனிகோடு அறியாத டிடிபி மென்பொருள் இருந்தால் போடாதீர்கள். அவை 128க்கு மேற்பட்ட பைட்டுகளில் தமிழை வைத்திருப்பவை, பக்கம் பக்கமாகக் குலைந்துவிடும். பழைய ஸ்கேனர் மென்பொருளை ‘டி:\ஸ்கேன்’ என்று ஆங்கிலப் பெயருள்ள ஒரே ஃபோல்டரில், எண் பெயரில் சேமிக்க விட்டு, பிறகு தமிழ்ப் பெயர் கொடுப்பதே தொந்தரவில்லாதது.

---

ஏடும் எழுத்தாணியும்

மூவருக்கும் நன்றி. ரோபோகாப்பியை ‘/ஆர்’ ‘/டபிள்யூ’ இல்லாமல் ஓட்டியதில் ஒரு பிடிஎஃப்பில் போய் நின்றுவிட்டது, நகரவே இல்லை. ‘வேறு செயல்முறை பயன்படுத்துகிறது’ என்கிறது. எல்லாவற்றையும் மூடியாயிற்று. ஷட்டவுன் செய்து மறுபடி போட்டும் அதே. என்னதான் பிடித்துக்கொண்டிருக்கிறது?

---

ரோபோகாப்பி ரசிகன்

நிற்கவில்லை, காத்திருக்கிறது. அந்த இரண்டையும் கொடுக்காவிட்டால் பத்து லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே 30 விநாடி. கணக்குப் போட்டால் 347 நாள், ஒரே கோப்புக்கு! இப்படி ஒரு முன்னிருப்பை யார் எதற்கு வைத்தார்களோ. கன்ட்ரோல்+சி போட்டு நிறுத்தி, மேலே எழுதியபடி ‘/ஆர்:1 /டபிள்யூ:2’ சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஏற்கெனவே போனவற்றைத் திரும்ப எடுக்காது.

---

பூட்டும் சாவியும்

விண்டோஸில் ஒரு மென்பொருள் கோப்பைத் திறக்கும்போது, தான் வைத்திருக்கும் வரை மற்றவர் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றுக்கும் மறுப்பு. மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர் அதைச் சொல்வதே இல்லை. லினக்ஸில் திறந்திருக்கும் கோப்பையும் அழிக்கலாம். பெயர் உடனே போகும், உள்ளடக்கம் கடைசி ஆள் மூடும்போது போகும். இந்த ஒரு வேறுபாட்டால்தான் அப்டேட் போட்டதும் ‘ரீஸ்டார்ட் செய்’ என்று விண்டோஸ் நச்சரிக்கிறது.

பூட்டு இருப்பதில் தப்பில்லை, இரண்டு பேர் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதாமல் அது காக்கிறது. பூட்டியவர் யார் என்று சொல்லாததுதான் எரிச்சல். செய்தியில் பல நேரம் ‘வேறு மென்பொருள்’ என்பதோடு நிறுத்திவிடும்.

கண்டுபிடிக்க: ஸ்டார்ட்டில் ரெஸ்மான் என்று தட்டி ரிசோர்ஸ் மானிட்டரைத் திறங்கள். சிபியு டேபில் ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ தேடல் பெட்டியில் கோப்புப் பெயரின் ஒரு துண்டைக் கொடுத்தால் பிடித்திருக்கும் செயல்முறை வரும். பவர்டாய்ஸ் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது க்ளிக் செய்து ஃபைல் லாக்ஸ்மித். அது இன்னும் சுலபம். பிடிஎஃப் என்பதால் என் சந்தேகம் எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகம் மேல். ஆல்ட்+பி அழுத்தி அதை மூடிவிட்டுப் பாருங்கள். அடுத்த சந்தேகம் ஆன்டிவைரஸ், பெரிய பிடிஎஃப்பை அது மெதுவாக மேய்ந்துகொண்டிருக்கலாம்.

ஷட்டவுன் பற்றி: விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஓடும் கணினியில் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. உங்கள் லாகின் மூடப்படும். கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர்களும் டிஸ்கில் உறையவைக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும். டிரைவர் மட்டத்தில் ஒட்டிக்கொண்ட எதுவும் கலையாது. கலைய வேண்டுமென்றால் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும், அல்லது ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன். அணைத்துப் போடுவதை விட ரீஸ்டார்ட் ஆழமானது என்பது யாருக்கும் தோன்றாது. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்த டி டிரைவை லினக்ஸில் போட்டுப் படிக்கும் எண்ணம் இருந்தால் இதை நிறுத்தியே ஆக வேண்டும்: அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்’. உறைந்த நிலையில் இருக்கும் என்டிஎஃப்எஸ்ஸை லினக்ஸ் எழுத விடாது, படிக்க மட்டும் திறக்கும். அதுவே நல்லது, கட்டாயப்படுத்தி எழுதினால் விண்டோஸ் எழுந்ததும் தன் பழைய நினைவை அதன் மேல் எழுதும்.

---

பென்குவின் பக்கிரி

விண்டோஸை எல்லாரும் சேர்ந்து மொத்தியது போதும், நாஸ் பக்கம் வாருங்கள். அங்கே உங்களுக்கு வேறு ஒரு சுவர் காத்திருக்கிறது, தமிழுக்கு அது விண்டோஸை விடக் கடுமை.

லினக்ஸில் ஒரு பெயரின் வரம்பு 255. ஆனால் அது பைட்டு. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. அதாவது 85 குறி, ‘.பிடிஎஃப்’ நீட்சி ஆங்கிலத்தில் 4 பைட்டு போக 83. மேலே சொன்ன ‘மின்னாக்கம் செய்யப்பட்ட இதழ்கள்’ 89 பைட்டு, மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விட்டது. விண்டோஸில் ஒரு பெயர் 255 குறி வரை ஏற்கும். ஆகவே இதழ் பெயர், மலர், இதழ் எண், மாதம், ஆண்டு, ஆசிரியர், கட்டுரைத் தலைப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்புப் பெயரில் அடைத்தவை விண்டோஸில் வாழும், நாஸில் சாகும். நாஸில் பகிர்வு ஃபோல்டருக்கு இகிரிப்ட்எஃப்எஸ் வகைக் குறியாக்கம் போட்டிருந்தால் 255 அல்ல, 143 பைட்டு. தமிழில் 47 குறி, எழுத்தாகப் பார்த்தால் முப்பது சொச்சம். பகிர்வை உருவாக்கும்போதே முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றுவது தலைவலி.

காப்பிக்கு முன்பே எவை மாட்டும் என்று தெரிந்துகொள்ள: ரோபோகாப்பியில் ‘/எல் /எஸ் /எஃப்பி /என்எஸ் /என்சி /என்டிஎல்’ கொடுத்து ‘/யுனிலாக்’கில் எழுத விடுங்கள். ‘/எல்’ இருப்பதால் எதையும் காப்பி செய்யாது, முழுப் பாதைகளின் பட்டியல் மட்டும் வரும். அதை எக்செல்லிலோ லிப்ரேஆபிஸ் கால்க்கிலோ திறந்து, பக்கத்துக் கட்டத்தில் முதலில் டிரிம் (வரியின் முன்னால் இடைவெளி இருக்கும்), அதன் மேல் லென். தமிழ்க் குறிகளை லென் எண்ணுவதும் விண்டோஸ் எண்ணுவதும் ஒன்றே. பாதை 259க்கு மேல் என்றால் எக்ஸ்ப்ளோரரில் மாட்டும். கடைசிப் பின்சாய்வுக்குப் பிந்தைய பகுதி 80ஐத் தாண்டினால் நாஸில் மாட்டும் என்று வைத்துக்கொண்டு சுருக்குங்கள். துல்லியமாக 83 என்று இழுத்துப் பிடிக்க வேண்டாம். நாளை யாரோ பெயருக்குப் பின்னால் ‘நகல்’ என்று சேர்ப்பார்கள்.

---

ஏடும் எழுத்தாணியும்

பட்டியல் எடுத்தேன். 259ஐத் தாண்டுபவை 41, பெயர் 80ஐத் தாண்டுபவை 212. சுருக்கியாயிற்று. முன்னோட்டப் பலகத்தை மூடி மறுபடி ஓட்டினேன். ரோபோகாப்பி முடிந்து 9 என்று எண் தருகிறது. 0 வந்தால்தானே வெற்றி?

---

ரோபோகாப்பி ரசிகன்

இதில் அப்படி இல்லை. 0 என்றால் காப்பி செய்ய எதுவுமே இல்லை, 1 என்றால் கோப்புகள் போய்ச் சேர்ந்தன, 2 என்றால் இலக்கில் கூடுதலாக ஏதோ இருக்கிறது. இவை கூட்டிக்கொள்ளும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் தோல்வி. 9 என்பது 8+1: பெரும்பாலும் போயிற்று, சில போகவில்லை. இதனால்தான் பேட்ச் கோப்பில் சுழியம் இல்லாதது எல்லாம் பிழை என்று எழுதி வைத்தவர்கள் நல்ல காப்பியையும் தோல்வி என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

பதிவைத் திறந்து ‘எரர்’ என்று தேடுங்கள், பக்கத்தில் எண் இருக்கும். 32 என்றால் இன்னும் யாரோ பிடித்திருக்கிறார்கள். 5 என்றால் அனுமதி இல்லை. அட்மினாகத் திறந்து ‘/பி’ சேர்த்து ஓட்டுங்கள். 123 என்றால் பெயரில் ஏற்காத எழுத்து, கருப்பன் சொன்ன \\?\ வைத்தியம். 112 என்றால் டிஸ்க் நிரம்பிவிட்டது, உங்களுக்கு அது வராது. சரிசெய்துவிட்டு அதே கட்டளையை மறுபடி, ஆனால் பதிவுக் கோப்புக்கு வேறு பெயர் கொடுங்கள், இல்லாவிட்டால் பழையதன் மேலேயே எழுதிவிடும். 1 வந்த பிறகு இன்னொரு முறை ஓட்டி 0 வருகிறதா பாருங்கள். அது வரும்வரை டி டிரைவில் எதையும் அழிக்க வேண்டாம்.